முகவரி கிடைக்காத கைக்கணினி



ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது, வழமைபோல் வேற்றுமை உருபுகளைப் பற்றியோ புணர்ச்சி விதிகளைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் வீட்டிலுள்ள வைஃபைப் பெட்டி. தமிழ்ப்பள்ளி மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். எமது பள்ளி மாணவி ஒருத்திக்கு நான் ஒரு விளக்கம் கடமைப்பட்டுள்ளேன். அந்த விளக்கம் இப்பெட்டிக்குள்தான் இருக்கின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் சுவிற்சர்லாந்து நடுவணரசு பாடசாலைகளை மூடுவதாக அறிவித்தது. மார்ச் 16 முதல் மே 11 வரை பிள்ளைகள் யாவரும் வீட்டிலிருந்தே கற்றனர். எமது சனிக்கிழமை வகுப்பும் திரைக்கு இடம்பெயர்ந்தது. நான்காம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். பத்துப் பேர் திரையில் தோன்றினர். ஒருத்தி தோன்றவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தாள். நான்காவது சனிக்கிழமை மீண்டும் இல்லை. வரவுப் பதிவேட்டில் மூன்று இடங்களில் சிவப்பு மையினால் ‘வரவில்லை’ என்று எழுதினேன்.

அன்று மாலை தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் ஏற்கனவே சினங்கொண்டிருந்தார். “மாஸ்ரர், கிழமை நாளிலை ஜேர்மன் பாடத்துக்கு வேலை செய்யிற சாமான், சனிக்கிழமை தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் எப்படி வேலை செய்யாமல் போகும்? மூன்றாம் கிழமை அதே அறையிலை, அதே ரப்லெற்றிலை வடிவாய் வேலை செய்ததே! இவளுக்குத் தமிழ் படிக்க மனமில்லை” என்றார். பின்னால் பிள்ளை அழுவது கேட்டது. அவர் கூறிய நியாயம் எனக்கும் சரியாகவே பட்டது. ஊரில் பதினொரு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். சான்றுகளை அடுக்கி ஒரு முடிவுக்கு வருவதே என் தொழில். ஆயினும் அன்று, அடுக்கிய சான்றுகளை ஆராயாமலே தந்தையாருடன் உடன்பட்டுவிட்டேன். “அவளுக்கு நல்ல புத்தி சொல்லுங்கள்” என்று கூறித் தொலைபேசியை வைத்தேன். இன்றும் அவ்வாக்கியம் என் காதில் ஒலிக்கின்றது.

இனி, பெட்டியைப் பற்றிப் பார்ப்போம்.

இணையத்தில் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். இதனை ஐ.பி. முகவரி என்பர். 1981இல் வகுக்கப்பட்டு இன்றும் வீடுகளில் வழங்கும் முறையில் இம்முகவரி, புள்ளியால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக எழுதப்படும். 192.168.1.34 என்பது போல. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் 256ஐ நான்கு முறை தம்முள் பெருக்கிப் பார்க்கவும். ஏறத்தாழ 429 கோடி வரும். அந்நாளில் இது கடலளவு எனத் தோன்றியது. உலகப் பொதுக் களஞ்சியம் 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. ஐரோப்பாவுக்கு முகவரி பகிரும் நிறுவனத்தின் கையிருப்பும் 2019 நவம்பரில் முடிந்தது. இத்தட்டுப்பாடு வருமென்று முன்னரே கருதி, வீட்டுக்குள் வழங்கவென்று சில எண் தொகுதிகளைத் தனியே ஒதுக்கியிருந்தனர். 192.168 என்று தொடங்குபவை அவற்றுட் சில. உங்கள் வீட்டிலும் 192.168.1.34 இருக்கலாம், அயல் வீட்டிலும் அதுவே இருக்கலாம். ஊரில் ஒவ்வொரு கிராமத்திலும் ஓர் ‘ஆலடிச் சந்தி’ இருந்ததல்லவா? அதுபோலத்தான். கிராமத்துக்குள் குழப்பமில்லை.

தொடக்க காலத்தில் இவ்வெண்களை ஒருவர் ஒவ்வொரு கணினியிலும் கையால் எழுதி, பட்டியலொன்றில் குறித்து வைத்தார். கணினிகள் பெருகியதும் அது இயலாத காரியமாயிற்று. 1985இல் ஒரு முறையும், அதனை விரித்து 1993 ஒக்ரோபரில் இன்னொரு முறையும் வெளிவந்தன. பின்னதன் பெயர் டி.எச்.சி.பி. அமெரிக்காவின் பக்நெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ப் டுரோம்ஸ் என்பவர் அதனை எழுதினார். 1997 மார்ச்சில் திருத்தி வெளியிடப்பட்ட விதிகளே அடிப்படையில் இன்றும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இயங்குகின்றன.

அது நடைபெறும் விதம் ஒரு சிறு நாடகம் போன்றது. புதிதாக வந்த கருவிக்குத் தன் பெயருமில்லை, வீட்டுத் தலைவர் யாரென்றும் தெரியாது. ஆகவே அது கூடத்தின் நடுவில் நின்று, “முகவரி தருவார் யாரேனும் உளரா?” என்று எல்லோருக்கும் கேட்குமாறு கூவும். முகவரி வழங்கும் பெட்டி, “192.168.1.34 உனக்கு ஆகுமா?” என்று கேட்கும். “ஆகும், அதனையே தருக” என்று கருவி வேண்டும். “தந்தேன், இத்தனை மணி நேரத்துக்கு” என்று பெட்டி ஒப்பும். கூவல், தருகை, வேண்டல், ஒப்புதல் என நான்கு சொல். இவை யாவும் ஒரு கண்ணிமைப்பொழுதில் முடிந்துவிடுவதால் நாம் அறிவதில்லை. முகவரியுடன் வேறு இரண்டு செய்திகளும் கிடைக்கும். வெளியுலகுக்குச் செல்லும் வாயில் எது என்பது ஒன்று. இணையப் பெயர்களை எண்களாக மாற்றித் தருவார் யார் என்பது மற்றையது.

‘இத்தனை மணி நேரத்துக்கு’ என்பதைக் கவனியுங்கள். முகவரி தானமன்று, குத்தகை. இந்நாட்டில் அடைக்கலம் கோரிய பெற்றோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எமக்கு முதலில் தரப்பட்டது ‘என்’ என்னும் எழுத்திட்ட அட்டை. (‘என் அட்டை’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் அது என்னுடையது போலத் தோன்றும். உண்மையில் அது என்னுடையதாக இருந்த காலம் எப்போதும் சில மாதங்களே.) பின்னர் ‘எஃப்’ அட்டை, அது பன்னிரண்டு மாதங்களுக்கு. தவணை முடிவதற்கு முன்னரே புதுப்பிக்கக் கொடுக்க வேண்டும். டி.எச்.சி.பி. விதியும் அவ்வாறே. குத்தகைக் காலத்தின் பாதி கழிந்ததும் கருவி தானாகவே, “நீட்டித்துத் தருக” என்று கேட்கும். மறுமொழி இல்லையேல், எட்டில் ஏழு பங்கு கழிந்த பின், யாராயினும் நீட்டித் தருமாறு மீண்டும் எல்லோரையும் நோக்கிக் கூவும். காலம் முடிந்தும் நீட்டிப்பு வராவிடின் அந்த முகவரியைக் கைவிட்டுவிட வேண்டும். இதைவிட ஒழுங்கான விண்ணப்பதாரரை நான் கண்டதில்லை.

கூவியும் எவரும் மறுமொழி கூறாவிட்டால் என்ன ஆகும்? அப்போது பல கருவிகள் தமக்குத் தாமே ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்ளும். அது எப்போதும் 169.254 என்றே தொடங்கும். இவ்வெண்ணை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அதனைக் கண்டால் ‘கேட்டேன், தருவாரில்லை’ என்பதே பொருள். திரையின் மூலையில் வைஃபை விசிறி முழுதாக விரிந்திருக்கும். ஆயினும் ஒரு செய்தியும் உள்ளே வராது, வெளியே போகாது. விசிறி காட்டுவது அலையின் வலிமையை மட்டுமே. முகவரி கிடைத்ததா என்பதை அது கூறாது. பெற்றோர் பலர் இவ்விசிறியை நம்பியே பிள்ளைகளைக் கடிந்துகொள்கின்றனர்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ‘அதே அறை, அதே ரப்லெற், ஒரு நாள் வேலை செய்தது, மூன்று நாள் செய்யவில்லை’ என்பதைக் கணக்குப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுநாள் ஞாயிறு. மீண்டும் அழைத்து, பிள்ளையுடன் பேச வேண்டும் என்றேன். ரப்லெற்றில் வைஃபைப் பகுதிக்குச் சென்று, வலையின் பெயருக்கு அருகிலுள்ள சிறு வட்டத்தைத் தொட்டு, ‘ஐபி-அட்ரஸ்ஸ’ என்று ஜேர்மன் மொழியில் எழுதியிருக்கும் வரியை வாசிக்கச் சொன்னேன்.

“நூற்றித் தொண்ணூற்றாறு புள்ளி இருநூற்று நாற்பத்தைந்து” என்றாள். அப்படி ஒரு முகவரி அங்கு இருக்க நியாயமில்லையே என்று சற்றுத் திகைத்தேன். பிறகுதான் விளங்கியது. ஜேர்மன் மொழியில் ஒன்றினிடத்தை முதலில் சொல்லிப் பத்தினிடத்தைப் பின்னர் சொல்வர். எங்கள் பிள்ளைகள் அவ்வாறு எண்ணிப் பழகி, தமிழில் சொல்லும்போது இரண்டு இலக்கங்களும் இடம் மாறிவிடுகின்றன. “இலக்கம் இலக்கமாக வாசி, அம்மா” என்றேன். “ஒன்று, ஆறு, ஒன்பது, புள்ளி, இரண்டு, ஐந்து, நான்கு” என்று வந்தது. தொலைபேசியில் எண் கேட்கும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்க!

“சேர், குசினியிலை இருந்தால் வேலை செய்யும். என்ரை அறையிலை மட்டும் இல்லை. நான் அப்பாட்டைச் சொன்னனான்” என்றாள்.

அவ்வீடு நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத் தளத்தில் உள்ளது. நிறுவனம் தந்த பெட்டி சமையலறைக்கு அருகில் வாசலோரம். பிள்ளையின் அறை மறுகோடியில், இடையில் இரும்புக் கம்பி பொதிந்த கொங்கிறீற்றுச் சுவர். இந்நாட்டுச் சுவர்களைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா? 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் எழுந்த குடியிருப்புகள் பலவற்றின் கீழே குண்டுக்குத் தாங்கும் காப்பறை உண்டு. போரிலிருந்து தப்பி வந்த எமக்கு, நெடுங்காலமாகப் போர் காணாத நாட்டில் இத்தனை பதுங்குகுழிகளா என்று முதலில் வியப்பாக இருந்தது. வைஃபை அலைகளுக்கு இத்தகைய சுவர் பகை. ஆகவே தந்தையார் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்து, பிள்ளையின் அறைக்கு வெளியே வைத்து, கம்பியில்லாப் பாலமாக அமைத்திருந்தார். முதற் பெட்டியின் அலையை அது வாங்கி, பிள்ளையின் ரப்லெற்றுக்கு வழங்கும். கம்பி இழுக்க வேண்டாம், சுவர் துளைக்க வேண்டாம், வீட்டுச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டாம். மிகவும் நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு குழி உண்டு.

அந்தக் குழியை விளக்க என் சொந்தக் கதை ஒன்றைக் கூறல் வேண்டும். நான் இந்நாட்டுக்கு வந்த புதிதில் ஒன்றுவிட்ட தமையனார் வீட்டில் சில வாரங்கள் தங்கினேன். என் வழக்குத் தொடர்பாக ஒரு கடிதம் வரவேண்டியிருந்தது. வரவில்லை. விசாரித்தபோது, கடிதம் அனுப்பப்பட்டு, பெறுநர் அங்கில்லை என்று திரும்பிவிட்டது தெரியவந்தது. தெரு சரி, வீட்டிலக்கம் சரி. கடிதப் பெட்டியில் தமையனாரின் பெயர் மட்டுமே இருந்தது, என் பெயர் இல்லை. இங்கு தபாற்காரர் பெட்டியிலுள்ள பெயரைப் பார்த்தே கடிதம் இடுவார். அவர் தம் கடமையைச் சரியாகவே செய்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் என் பெயரை எழுதி ஒட்டியிருந்தால் எனக்கு அந்த ஐந்து மாதக் காத்திருப்பு நேர்ந்திராது.

வைஃபைப் பாலத்தின் நிலையும் இதுவே. ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரியல்லாத, தொழிற்சாலையில் பொறித்த வன்பொருள் முகவரி ஒன்று உண்டு. அது பிறப்புப் பதிவு இலக்கம் போன்றது. வைஃபை அலையில் செல்லும் வழமையான பொதியில் இத்தகைய முகவரிகள் மூன்றுக்கே இடமுண்டு: வாங்குபவர், அனுப்பும் பெட்டி, முதலில் எழுதியவர். முதற் பெட்டி, தன்னிடம் பதிந்துகொண்ட பாலத்தை மட்டுமே அறியும். பாலத்துக்கு அப்பால் ரப்லெற் ஒன்று உண்டு என்பதை எழுத நான்காவது இடம் வேண்டும். 1997இல் வெளிவந்த வைஃபை நியமத்தில் நான்கு முகவரிப் பொதியும் சொல்லப்பட்டிருக்கின்றது. ஆயினும் அதனை எவ்விதம் கையாள்வது என்பது தெளிவாக வகுக்கப்படாமையால், உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தத்தம் மனம்போல் செய்தனர். ஒருவர் பெட்டி மற்றவர் பெட்டியுடன் அம்முறையில் பேசாதிருத்தல் மிகவும் பொதுவானது.

ஆகவே மலிவான பாலங்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. பின்னாலிருக்கும் கருவியின் வன்பொருள் முகவரியை அழித்து, தன் முகவரியை எழுதி அனுப்புகின்றன. மறுமொழி பாலத்துக்கே வரும். அது உள்ளேயிருக்கும் ஐ.பி. முகவரியைப் பார்த்து, ‘இது ரப்லெற்றுக்குரியது’ என்று பிரித்துக் கொடுக்கும். தமையனார் தம் பெயரில் வந்த கடிதத்தைத் திறந்து, உள்ளே என் பெயர் இருப்பதைக் கண்டு என்னிடம் தருவது போல. ஐ.பி. முகவரி ஏற்கனவே உள்ள கருவிக்கு இது போதும். ஆனால் முகவரியே இன்னும் கிடைக்காத கருவிக்கு? ரப்லெற் கூவுகின்றது. கூவல் பாலத்தைத் தாண்டி முதற் பெட்டியை அடைகின்றது. கூவலின் உட்புறத்தில் ரப்லெற்றின் வன்பொருள் முகவரி எழுதப்பட்டிருப்பதால், முதற் பெட்டி “192.168.1.34 உனக்கு ஆகுமா?” என்ற கடிதத்தை நேராக அம்முகவரிக்கே எழுதுகின்றது. அப்பெயர் தன் பட்டியலில் இல்லை. கடிதம் அங்கேயே கைவிடப்படுகின்றது. (‘மறுமொழியையும் எல்லோருக்கும் கேட்கச் சொல்’ என்று கருவி கேட்டுக்கொள்ள விதியில் இடமுண்டு. நல்ல பாலங்கள் அக்குறியைத் தாமே இட்டுத் தப்பித்துக்கொள்ளும். பழையன பல அதனைச் செய்வதில்லை.)

இப்போது தந்தையாரின் சான்றுகளைத் திரும்பப் பாருங்கள். கிழமை நாட்களில் ஜேர்மன் பாடம் சமையலறை மேசையில். அங்கு ரப்லெற் முதற் பெட்டியுடன் நேரே பேசியது. முகவரி கிடைத்தது. சனிக்கிழமைகளில் தம்பி சமையலறையில் சத்தமிடுவான் என்று பிள்ளை தன் அறைக்குச் சென்றாள். அங்கு பாலம். அவர்களது பெட்டி பன்னிரண்டு மணி நேரக் குத்தகையே கொடுத்தது. வெள்ளி நண்பகல் அணைத்து வைத்த ரப்லெற்றின் குத்தகை சனி காலைக்குள் முடிந்துவிட்டது. மூன்றாவது சனிக்கிழமை மட்டும் ஏன் வேலை செய்தது? கேட்டேன். அன்று காலை அவள் சமையலறையிலிருந்து அம்மம்மாவுடன் யாழ்ப்பாணத்துக்குக் காணொளியில் பேசிவிட்டு, ரப்லெற்றைக் கையில் எடுத்துக்கொண்டே அறைக்கு நடந்திருக்கிறாள். புதிய குத்தகை உயிருடன் இருந்தது. மறுமொழி வராவிடினும், காலம் முடியும்வரை பழைய முகவரியையே வைத்திருக்க விதி அனுமதிக்கின்றது. பிள்ளைக்கு எதிராக நாமிருவரும் காட்டிய சான்றுதான் நோயின் இடத்தைச் சுட்டிக்காட்டிய சான்று!

அன்றே ஒரு தற்காலிக வழி செய்தோம். ரப்லெற்றில் ‘தானாகப் பெறு’ என்பதை மாற்றி, முகவரியைக் கையால் எழுதச் சொன்னேன்: 192.168.1.240, வாயில் 192.168.1.1, பெயர் மாற்றித் தருபவரும் அதுவே. முதற் பெட்டி 100 முதல் 199 வரையே வழங்கி வந்ததால் 240ஐ வேறெவருக்கும் தராது. இரண்டு நிமிடத்தில் அவள் திரையில் தோன்றினாள். நான் முதலில் கூறியது பாடமன்று, மன்னிப்பு. தந்தையாரையும் அருகில் இருக்கச் சொல்லியிருந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மகளின் தலையில் கை வைத்தது மட்டும் தெரிந்தது.

நிலையான தீர்வு கம்பியே. இதில் எனக்கு ஐயமில்லை. தட்டையான வலைக் கம்பி ஒன்றைச் சுவரடிப் பலகையோரம் ஒட்டிச் செல்லலாம், துளை வேண்டாம். ஆனால் கம்பியைச் செருகும் துவாரத்தில் பலர் தவறுகின்றனர். இரண்டாவது பெட்டியில் தனியாக, பெரும்பாலும் வேறு நிறத்தில், ‘வான்’ என்று எழுதிய ஒரு துவாரமும் ‘லான்’ என்று எழுதிய சில துவாரங்களும் இருக்கும். பெட்டியில் ‘அணுகு நிலையம்’ என்னும் அமைப்பு இருந்தால் அதனைத் தெரிந்து, கையேடு சொல்லும் துவாரத்தில் செருகுக. அத்தகைய அமைப்பு இல்லாத பழைய பெட்டியாயின் மூன்று காரியம் செய்தல் வேண்டும். முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்பது போல, முதற் பெட்டியினதல்லாததாகவும் வழங்கல் எல்லைக்கு வெளியேயும் இருக்குமாறு மாற்றுக. பிறகு அதன் டி.எச்.சி.பி.யை நிறுத்துக. அதன் பின்னரே லான் துவாரத்தில் கம்பியைச் செருகுக. டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டுக் கம்பியை வான் துவாரத்தில் விட்டால் கூவல் வெளியே போகாது, மீண்டும் 169.254 தான் காண்பீர்கள்.

கம்பி இயலாதென்றால், ஒரே உற்பத்தியாளரின் ‘மெஷ்’ எனப்படும் இணைப் பெட்டிகளை வாங்குவது நலம். அவை தம்முள் ஒத்துப் பேசும். பழைய பாலத்துடன் மல்லாடுவதில் நான் செலவழித்த சனிக்கிழமைகளைக் கணக்கிட்டால் அதன் விலை பெரிதன்று.

டி.எச்.சி.பி. இரண்டிடத்தில் இயங்குவது இதனினும் கெடுதியானது. கூவலைக் கேட்டு இரண்டு பெட்டிகளும் முந்திக்கொண்டு மறுமொழி கூறும். கருவி பெரும்பாலும் முதலில் வந்ததையே ஏற்கும். இரண்டாவது பெட்டி, “நானே வாயில்” என்று சொல்லிக்கொடுத்தால், அதற்கு வெளியுலகு ஏது? சில கருவிகள் இயங்கும், சில இயங்கா. இன்று இயங்கியது நாளை இயங்காது. இருவருக்கு ஒரே முகவரி அமைவதும் உண்டு. 2009இல் நாங்கள் இருந்த முகாமில் ஒரே இலக்கம் இரு கூடாரங்களுக்கு எழுதப்பட்டிருந்தது. எங்களுக்கு வந்த செய்தி பத்தொன்பது நாள் அடுத்த வரிசைக் கூடாரத்தில் கிடந்தது. அவர்கள் நல்லவர்கள். யாருடையதென்று தெரியாமல் பத்திரமாக வைத்திருந்தனர்.

எந்த நோய் என்று அறியப் பெரிய அறிவு தேவையில்லை, கருவியின் முகவரியையும் வாயிலையும் வாசித்தால் போதும். கணினியாயின் கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகொன்பிக்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் இரண்டும் தெரியும். வாயிலை ‘ஸ்டாண்டார்ட்கேட்வே’ என்று காட்டும். முகவரி 169.254 எனத் தொடங்கினால் மறுமொழி வரவில்லை. முகவரி சரியாயிருந்து வாயில் வேறாயிருந்தால் மற்றப் பெட்டி இடையில் புகுந்து வழங்கிவிட்டது; அதனை அணைத்துவிட்டு, ‘லீஸ் எர்நொயர்ன்’, அதாவது குத்தகையைப் புதுப்பி என்பதை அழுத்திப் பாருங்கள். வீட்டில் மற்றவர்களுக்கு 192.168.1 என்றிருக்க உங்களுக்கு மட்டும் 192.168.0 என்றிருந்தால், இரண்டாவது பெட்டி தனிக்குடித்தனம் நடத்துகின்றது என்று பொருள். இணையம் வரும், ஆனால் மறு அறையிலுள்ள அச்சுப்பொறியைக் காண முடியாதிருத்தல் கூடும். எல்லாம் சரியாயிருந்தும் இணையம் இல்லையெனில் தான் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். நம்மில் பலர் அங்கிருந்துதான் தொடங்குகின்றோம்.

மண்டபங்களில் வேறொரு சிக்கலைக் கண்டிருக்கின்றேன். ஒத்திகைக்காக நாம் வாடகைக்கு எடுத்த மண்டபம் ஒன்றில், காலையில் வந்தவர்களுக்கு இணையம் கிடைத்தது, பிற்பகலில் வந்த நடன ஆசிரியைக்குக் கிடைக்கவில்லை. பாட்டை இறக்க முடியாமல் பிள்ளைகள் மேடையில் நின்றனர். அப்பெட்டியில் வழங்குவதற்கு ஐம்பது முகவரிகளே ஒதுக்கப்பட்டிருந்தன, குத்தகையோ முழு நாளுக்கு. காலையில் வந்துபோன பெற்றோரின் கைத்தொலைபேசிகள் ஐம்பதையும் எடுத்துச் சென்றுவிட்டன! வீட்டுக்குப் போன பின்னும் அவை அவர்கள் பெயரிலேயே இருந்தன. பொறுப்பாளர் குத்தகையை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். அதன் பின் தொல்லை இல்லை. ஆயினும் விழா அன்று பாட்டுகளை முன்னரே சேமித்துக் கொண்டுவருமாறு நடன, இசை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.

இன்னொன்றையும் கூறிவிடுகின்றேன். சில பெற்றோர் பிள்ளையின் கருவிக்கென்று ஒரு முகவரியைப் பெட்டியில் நிரந்தரமாகக் குறித்து வைப்பர், அல்லது இரவு ஒன்பது மணிக்கு மேல் அக்கருவிக்கு இணையம் இல்லாமற் செய்வர். இரண்டும் வன்பொருள் முகவரியைக் கொண்டே நடைபெறுகின்றன. அண்மைக் காலத்துக் கைத்தொலைபேசிகள் (அன்ட்ரொயிட் 2019 முதல், ஐபோன் 2020 முதல்) தம் உண்மையான வன்பொருள் முகவரியை மறைத்து, வலைக்கு வலை வேறொரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. பொது இடங்களில் நம்மைப் பின்தொடராதிருக்க இது நல்லது. வீட்டில் நீங்கள் செய்த ஒழுங்கு திடீரெனப் பயனற்றுப் போனால், வீட்டு வலைக்கு மட்டும் அதனை நிறுத்திவிடலாம். மாணவர்களே, இப்பந்தியை நீங்களும் வாசிப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

பெட்டியின் பின்புறத்தில் ஊசி நுழையுமளவு ஒரு துளை இருக்கும். கோபத்தில் அதில் குண்டூசியைச் செருக வேண்டாம். செருகினால் நீங்கள் செய்த அமைப்பெல்லாம் அழிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குப் பெட்டி திரும்பும். இரண்டாவது பெட்டியாயின் நிறுத்தி வைத்த டி.எச்.சி.பி. மீண்டும் உயிர்பெற்று, வீடு முழுவதையும் குழப்பும். இரண்டு பெட்டிகளின் முகவரிகளையும், எது வழங்குவது எது வழங்காதது என்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவற்றின் அடியில் ஒட்டி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் வேறிடத்தில் வையுங்கள்.

அவ்வாண்டின் வரவுப் பதிவேடு என்னிடமே இருக்கின்றது. மூன்று சிவப்பு எழுத்துகளையும் ஒரு கோட்டினால் வெட்டி, பக்கத்தில் நீல மையினால் ‘வந்தாள், முகவரி கிடைக்கவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டுள்ளேன்.